சடங்கில்லாமல் ஒரு சாவை நடத்துவது எப்படி

அயனாவரம், பெரம்பூர் பக்கம் சாமி கும்பிடாத குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. கல்யாணம் என்றால் மாலை மாற்றி முடித்துவிடுவார்கள். 1967இல் அண்ணா ஆட்சியில் வந்த சட்டத் திருத்தம் அதைச் செல்லுபடியாக்கியும் விட்டது. வீட்டில் சாவு விழும்போதுதான் எல்லாம் தடுமாறும். ராத்திரி யாரோ ஒரு பெரியப்பா "நான் பார்த்துக்கறேன், நீங்க அழுங்க" என்று கிளம்பிப் போவார். விடியும்போது புரோகிதர், மூங்கில், மண்பானை எல்லாம் வாசலில் இருக்கும். வாழ்நாள் முழுக்கக் கறுப்புச் சட்டை போட்டவருக்கு வாய்க்கரிசி போட்டு அனுப்பிவைப்பார்கள். எங்கள் அப்பா காரியத்தை நான் முன்னின்று நடத்தியதிலிருந்து, தெருவில் இப்படி வேண்டும் என்பவர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். அவர்களிடம் சொல்வதுதான் இது.

முக்கால்வாசி வேலை ஆள் உயிரோடு இருக்கும்போதே முடிய வேண்டும். என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, யார் சொல்வது கடைசி என்று ஒரு தாளில் அவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஆனால் அந்தத் தாளை மட்டும் நம்பாதீர்கள். மூச்சு நின்ற பிறகு நடைமுறையில் உறவுக்காரர்கள் சொல்வதுதான் நடக்கும். பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது அவரே வாயைத் திறந்து சொல்லிவிடுவது நல்லது. அப்பா கரும்பு கடித்துக்கொண்டே சொன்னார். அத்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள், ஆனால் கேட்டுவிட்டார்கள் அல்லவா, அது போதும்.

கண் தானம் என்றால் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இமைகளை மூடி மேலே ஈரப் பஞ்சு வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தலைக்கு ஒரு தலையணை கொடுத்துக் கொஞ்சம் உயர்த்துங்கள். கண் வங்கிக்காரர்கள் வீட்டுக்கே வந்து அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள், முகம் மாறாது. கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை உள்ளவர் எல்லோருமே கொடுக்கலாம். முன்பே பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் இல்லை, குடும்பத்தார் சம்மதம் போதும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இலிருந்து இருக்கிறது, இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்!

உடல் தானம் வேறு. சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய கல்லூரிகளின் உடற்கூறியல் துறைக்கு முன்கூட்டியே ஒருமுறை நேரில் போய் என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு வையுங்கள். பிரேதப் பரிசோதனை நடந்த உடலையும் சில தொற்று நோய்கள் இருந்த உடலையும் வாங்க மாட்டார்கள். அதனால் இன்னொரு ஏற்பாடும் மனதில் இருக்கட்டும். "நம்ம சாதி சனத்துல யாரு இப்படிக் குடுத்திருக்கா?" என்று கேட்பார்கள். இந்தச் சென்னையில் பிறந்த சீதாராம் யெச்சூரி 2024இல் மறைந்தபோது உடல் டெல்லி எய்ம்ஸுக்குத்தான் போனது என்று சொல்லுங்கள். ஜோதிபாசு உடலும் 2010இல் அப்படித்தான் கொல்கத்தாவில் மருத்துவமனைக்குப் போனது.

வீட்டில் இறந்தால் டாக்டர் கையெழுத்துப் போட்ட இறப்புக் காரணச் சான்று கட்டாயம். அது இல்லாமல் மயானத்தில் வாசலிலேயே நிறுத்துவார்கள். ராத்திரி வந்து பார்க்கக்கூடிய டாக்டர் யார் என்பதை இப்போதே பேசி வையுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஐஸ் பெட்டி, ஷாமியானா, நாற்காலி எல்லாம் ஒரே ஆளிடம் கிடைக்கும், அதில் எழுத ஒன்றுமில்லை. போஸ்டர் அடிப்பவரிடம் மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் கம்ப்யூட்டரில் குத்துவிளக்கும் "இறைவனடி சேர்ந்தார்" என்ற வரியும் தயாராக இருக்கும்.

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. ஒரு சடங்கை எடுத்துவிட்டால் அந்த நேரத்துக்கு ஆட்களுக்கு வேறு வேலை கொடுத்தாக வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள்தான் பூசாரியைத் தேடுவார்கள். நீர்மாலை கிடையாது என்றால், குளிப்பாட்டும் வேலையை மகன், மகள், பேரன் மூவருக்கும் பிரித்துக் கொடுங்கள். வாய்க்கரிசி நேரத்தில் வந்தவர்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு பூ வைத்து, சொல்ல விரும்புவதை இரண்டு வார்த்தை சொல்லட்டும். அப்பாவோடு ரயில்வே லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்த ஒரு மாமா பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ கேஜை எடுத்தார். பித்தளை தேய்ந்து, எண்ணே தெரியவில்லை. "ட்ரெயினிங்ல உங்கப்பன் என்கிட்ட வாங்குனான், நான் திரும்ப வாங்கிக்கல. போன மாசம்தான் குடுத்தனுப்பினான்" என்றார். கூட்டத்தில் சிரிப்பு வந்தது. மந்திரம் சொல்லியிருந்தால் அந்த நேரத்தில் இதைக் கேட்டிருக்க முடியாது.

எல்லாவற்றையும் எதிர்க்க வேண்டியதில்லை. சாவு வீட்டில் அடுப்பு மூட்டாமல் பக்கத்து வீட்டார் இட்லியும் டீயும் கொண்டுவருவது நல்ல பழக்கம், அப்படியே இருக்கட்டும். திரும்பி வந்து குளிப்பதும் நல்லதே. ஊர்வலத்தில் வழியெல்லாம் பூவை வீசுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள், பின்னால் வரும் டூவீலர் வழுக்கும்.

அப்புறம் "அடைப்பு". அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நட்சத்திரத்தில் செத்தால் தனிஷ்டா பஞ்சமி, வீட்டை மாதக்கணக்கில் பூட்ட வேண்டும் என்று யாராவது பஞ்சாங்கத்தோடு வருவார்கள். இருபத்தேழில் ஐந்து என்றால், ஏறக்குறைய ஐந்து சாவுக்கு ஒன்று இதில்தான் விழும். சனிக்கிழமைப் பிணம் துணை தேடும் என்று பாடையில் கோழி கட்டுவார்களே, அதற்கும் இதே கணக்குதான்: ஏழில் ஒன்று சனிக்கிழமை. இத்தனை வீடுகளில் அடுத்த சாவு விழுந்திருந்தால் அயனாவரத்தில் வாடகைக்கு வீடு கிடைக்காத குறையே இருக்காது. ஆனால் இந்தக் கணக்கைச் சாவன்று சொல்லாதீர்கள். அழுதுகொண்டிருப்பவரிடம் வாதத்தில் ஜெயித்து என்ன ஆகப் போகிறது? முன்னாலேயே, நல்ல நாளில், டீ குடிக்கும்போது சொல்லி வையுங்கள்.

விட்டே கொடுக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. கணவனை இழந்தவருக்குப் பூ வைத்து, வளையல் அடுக்கி, எல்லோர் முன்னாலும் உடைத்து, பொட்டை அழித்துத் தாலியை வாங்குவது. இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் பாசமான பெண்கள்தான், அதனால்தான் தடுப்பது கஷ்டம். அம்மாவிடம் தனியாக, முன்கூட்டியே கேளுங்கள். அவர் விருப்பம் எதுவோ அதுவே முடிவு. எங்கள் அம்மா தாலியைத் தானே கழற்றி பீரோவில் வைத்தார். பொட்டை எடுக்கவில்லை, "இது அஞ்சு வயசுலேர்ந்து வெக்கிறது" என்றார். அவருக்கு இரு பக்கமும் வாய்த்துடுக்கான இரண்டு சித்திகளை உட்காரவைத்திருந்தேன். பதினாறாம் நாள் தட்டோடு வந்த அத்தை, சித்திகளைப் பார்த்துவிட்டு, தட்டை அப்படியே சமையலறையில் வைத்துவிட்டுப் போனார்.

மயானத்துக்குப் பெண்களும் போகலாம், எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மாநகராட்சி எரிவாயு மேடையில் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு அடங்கிவிடும். கொள்ளி வைப்பது மகன்தான் என்பார்கள், பின்னால் சொத்துப் பேச்சு மறைந்திருக்கும். கொள்ளிக்கும் சொத்துக்கும் சம்பந்தமில்லை. உயில் எழுதாமல் அப்பா போய்விட்டால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், அவருடைய தாய் இருந்தால் அவரும், எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள்தான். மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989லேயே கொடுத்தது.

கருமாதிக்குப் பதில் படத்திறப்பு வையுங்கள். பதினாறாம் நாள்தான் வேண்டும் என்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் எல்லோரும் வருவார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். கட்சிக்காரர் கையில் மைக் போனால் திரும்பாது, அவரைக் கடைசியில் போடுங்கள். மளிகைக் கடைக்காரர், வாக்கிங் கூட்டாளி, கூட வேலை பார்த்தவர்களை முதலில் பேசவிடுங்கள்.

வருடம் திரும்பினால் திதி என்பார்கள். அம்மா அமாவாசைக்கு மாடியில் காக்கைக்குச் சோறு வைக்கிறார், நான் ஒன்றும் சொல்வதில்லை. அத்தை "ஐயருக்காவது குடுக்கணும்டி" என்றால், எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு, அந்தப் பணத்தை அப்பா பெயரில் தெருக்கோடி அரசுப் பள்ளியில் நோட்டுப் புத்தகமாக வாங்கிக் கொடுக்கிறேன். போன தடவை அத்தையையே கூட்டிப் போய்க் கொடுக்கச் சொன்னேன். அடுத்த வருடத்துக்கு ஜாமெட்ரி பாக்ஸும் சேர்த்து வாங்கலாம் என்கிறார்.