மகனின் குடல் அழற்சியைக் கவனிக்கக் கற்றுக்கொண்டது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டம். மகனுக்கு 15 வயது, குரோன் நோய்; குடலில் நாள்பட்ட அழற்சி. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு சரியாகவே இருந்தது, பையனோ இளைத்துக்கொண்டே போனான். மலத்தில் கால்ப்ரொடெக்டின் பார்க்கச் சொன்னார் டாக்டர்; குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் கூடும் புரதம் அது. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே பொதுவாக நல்லது; 250-ஐத் தாண்டினால் அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் எண் தாறுமாறாக ஏறி இறங்கியது. மெல்ல விசாரித்தேன். பந்து விளையாடி முட்டி வலி என்று ஐபுபுரோஃபென் போட்டிருக்கிறான், பாவம். அந்த மாத்திரையும் அளவை ஏற்றும், குடலுக்கும் ஆகாது. போதாததற்கு ஒவ்வொரு முறையும் வேறு லேப்; லேபுக்கு லேப் எண் மாறும்.

டாக்டரைக் கேட்டு வலி மாத்திரையை மாற்றினோம். அப்புறம் ஒரே லேப், காலை முதல் மலம், அன்றே ஐஸ் பெட்டியில் ஈப்போவுக்கு. எடை, உயரம் ஒரு நோட்டில். மல டப்பாவைத் தொடவே கூச்சப்பட்டவன், இப்போது தானே தேதி எழுதி ஒட்டுகிறான்.