டெபியனுக்கு உதவத் தொடங்குவது எப்படி? பழைய வழு ஒன்றைச் சோதித்துச் சொல்லும் முறை

டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசைப்படுபவர்களில் பாதிப் பேர் "எனக்கு நிரல் எழுத வராதே" என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். நிரல் எழுதுபவர்களும் வேண்டும்தான். ஆனால் எப்போதும் ஆள் பற்றாமல் கிடக்கும் வேலை வேறு. யாரோ என்றோ பதிந்த வழு (மென்பொருளில் உள்ள பிழை) இன்னும் இருக்கிறதா, சரியாகிவிட்டதா என்று பொறுமையாகச் செய்து பார்த்து, பார்த்ததை அப்படியே எழுதித் தர வேண்டும். இதற்கு நிரலறிவு தேவையில்லை. கவனமும், ஓரளவு ஆங்கிலமும், ஒரு சாதாரணக் கணினியும் போதும்.

1993 ஆகஸ்ட் 16 அன்று இயன் மர்டாக் அறிவித்த டெபியன் இன்றும் தன்னார்வலர்களின் உழைப்பில்தான் ஓடுகிறது. 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்த 13ஆம் பதிப்பான ட்ரிக்சியில் 69,000க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்கள்) இருக்கின்றன. உபுண்டு இதிலிருந்து பிறந்தது. தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் இருந்த பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் உருவாக்கியதே. அதனால் டெபியனில் ஒரு வழு தீர்ந்தால் பயன் டெபியனோடு நிற்பதில்லை.

"குறைகளை மறைக்க மாட்டோம்" என்பது டெபியனின் சமூக ஒப்பந்தத்தில் உள்ள வாக்குறுதி. அதன்படி எல்லா வழுக்களும் பொதுவெளியில், யாரும் படிக்கும்படி கிடக்கின்றன. வழு எண்கள் 2021இல் பத்து லட்சத்தைத் தாண்டின. பெரும்பாலானவை தீர்ந்துவிட்டன. மீதியில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

ஒரு குறிப்பு: கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

படி 1: சோதனைக்கென்று தனிக் கணினி

தினமும் வேலை செய்யும் கணினியில் சோதிக்க வேண்டாம். ஜினோம் பாக்ஸஸ் அல்லது விர்ட் மேனேஜர் நிறுவி, அதில் ஒரு மெய்நிகர் கணினியை (உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் இன்னொரு கணினியை) உருவாக்குங்கள். 2 ஜிபி நினைவகமும் 20 ஜிபி வட்டும் ஒதுக்கினால் தொடங்கலாம். டெபியன் தளத்தில் கிடைக்கும் நெட்இன்ஸ்ட் என்ற நிறுவல் கோப்பு ஒரு ஜிபிக்கும் குறைவு. நிறுவும்போது ரூட் கடவுச்சொல் கேட்கும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டால், உங்கள் பயனர் கணக்குக்கே சூடோ உரிமை (நிர்வாகியாகக் கட்டளை இடும் உரிமை) கிடைத்துவிடும். பிறகு வேலை சுலபம்.

இப்போது உங்களிடம் இருப்பது நிலையான பதிப்பு. ஆனால் பேக்கேஜைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர் முதலில் கேட்கப்போவது "சிட்டில் இந்த வழு இருக்கிறதா?" என்றுதான். சிட் என்பது டெபியனின் வளர்ச்சிக் கிளை. புதிய பேக்கேஜ்கள் எல்லாம் முதலில் சிட்டுக்குத்தான் வரும். அங்கே சில நாள் பெரிய குறை எதுவும் தெரியாமல் ஓடினால்தான் டெஸ்டிங் கிளைக்குப் போகும். ஆகவே மெய்நிகர் கணினியைச் சிட்டுக்கு மாற்றிவிடுவோம். பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஏப்டுக்கு அவற்றை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்சஸ் கோப்பைத் திறந்து, ட்ரிக்சி என்று இருக்கும் இடத்தில் சிட் என்று எழுதுங்கள். பாதுகாப்பு, அப்டேட்ஸ் ஆகியவற்றுக்கான வரிகளை நீக்கிவிடுங்கள். சிட்டுக்கு அவை தனியாகக் கிடையாது, விட்டுவைத்தால் பிழைச் செய்திதான் வரும். அப்புறம் 'சூடோ ஏப்ட் அப்டேட்', தொடர்ந்து 'சூடோ ஏப்ட் ஃபுல்-அப்கிரேட்'. மறுதொடக்கம் செய்து, எல்லாம் ஓடுகிறது என்று உறுதியானதும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். சோதனையில் எதைக் கெடுத்தாலும் ஒரு சொடுக்கில் திரும்பி வந்துவிடலாம்.

படி 2: எந்த வழுவை எடுப்பது?

'ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்' என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது. அதை நிறுவினால், உங்கள் கணினியில் உள்ள பேக்கேஜ்களில் எவற்றுக்குப் பராமரிப்பாளர் இல்லை, எவற்றில் புதியவர்களுக்கு ஏற்ற வழுக்கள் இருக்கின்றன என்று பட்டியல் போட்டுக் காட்டும். ஆனால் முதல் முறைக்கு என் யோசனை இதைவிட எளிமையானது: தினமும் கைபடும் ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அது சரியாக ஓடும்போது எப்படி இருக்கும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இங்கே தனியாக ஓர் இடம் இருக்கிறது. தமிழ் எழுத்துருக்கள் வரும் ஃபான்ட்ஸ்-டிஏஎம்எல் பேக்கேஜ், தமிழ்99 விசைப்பலகைக்கு உதவும் ஐபஸ்-எம்17என், லிப்ரே ஆபிஸின் தமிழ் இடைமுகம் இவற்றையெல்லாம், தமிழ் படிக்கத் தெரியாத பராமரிப்பாளர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், சோதித்துச் சொல்ல முடியாது. எழுத்து உடைந்திருக்கிறதா, சரியாக நிற்கிறதா என்பதே அவருக்குத் தெரியாதே.

வழுவின் பக்கத்தைத் திறந்ததும் நான்கைப் பாருங்கள்: பேக்கேஜின் பெயர், வழு காணப்பட்ட பதிப்பு, தீவிரம், ஒட்டிய குறிச்சொற்கள். தீவிரத்தில் ஏழு நிலைகள் உண்டு. மேலே இருக்கும் கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ் மூன்றும் வெளியீட்டையே தடுக்கக்கூடியவை. அனுபவசாலிகள் அவற்றின் மேல் எப்போதும் கண்ணாக இருப்பார்கள். நார்மல் அல்லது மைனரில், செய்முறை தெளிவாக எழுதப்பட்டு, ஓரிரு வருடமாக யாரும் தொடாமல் கிடப்பதை எடுங்கள். பக்கத்தைக் கடைசி வரை படித்துவிடுங்கள். நீங்கள் செய்ய நினைத்த சோதனையை வேறு யாராவது ஏற்கெனவே செய்திருக்கலாம், அல்லது வழு அந்த மென்பொருளை எழுதிய மூல நிரலாளர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

படி 3: செய்து பார்ப்பது

இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது. நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் 'ஏப்ட் பாலிசி' என்று தட்டி, பக்கத்தில் பேக்கேஜ் பெயரைக் கொடுத்து, நிறுவப்பட்டிருக்கும் பதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹைஃபனுக்குப் பின்னால் வரும் எண்ணையும் விடாதீர்கள். அது டெபியன் செய்த திருத்தத்தின் எண். சில நேரம் வழு தீர்ந்திருப்பதே அந்தத் திருத்தத்தில்தான்.

பிறகு, வழுவில் எழுதியிருப்பதை வரி பிசகாமல் செய்யுங்கள். உங்கள் சொந்த அமைப்புகள் குறுக்கே வராமல் இருக்க, புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் சோதிப்பது நல்லது. பிழைச் செய்தி தமிழில் வந்தால் பராமரிப்பாளரால் படிக்க முடியாது. மொழியைத் தீர்மானிக்கும் எல்சி_ஆல் என்ற மாறிக்கு 'சி.யுடிஎஃப்-8' என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டு, அதே டெர்மினலிலிருந்து மென்பொருளை இயக்குங்கள். வெறும் 'சி' என்று கொடுத்தால் செய்தி ஆங்கிலத்தில் வரும், ஆனால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறியாகிவிடலாம்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். "ஓர் உரைத்திருத்தியில் 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கின்றன" என்று ஒரு வழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். குற்றவாளி யார்? விசைப்பலகையா, எழுத்துருவா, திருத்தியா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே திருத்தியில் வேறொரு எழுத்துருவுக்கு மாறினால் சரியாகிவிடுகிறதா? அப்படியானால் சந்தேகம் எழுத்துருவின் மேல். எந்த எழுத்துருவிலும் உடைகிறது, ஆனால் வேறு திருத்தியில் நன்றாகத் தெரிகிறது என்றால் திருத்தியைப் பார்க்க வேண்டும். வேறு எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய 'கொ' சரியாக நிற்கிறது, தட்டச்சு செய்தது மட்டும் உடைகிறது என்றால்?

இங்கேதான் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். ஒருங்குறியில் (யூனிகோடில்) 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வுக்கு அடுத்து ஒகரத்துக்கான ஒற்றைக் குறி, அல்லது க-வுக்கு அடுத்து கொம்பு, பிறகு கால். இரண்டும் சமம் என்பதே ஒருங்குறியின் விதி, திரையிலும் ஒன்றுபோலவே தெரிய வேண்டும். உங்கள் கோப்பில் எது இருக்கிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். 'கொ' என்ற ஒரே எழுத்தை மட்டும் ஒரு கோப்பில் சேமித்து, டெர்மினலில் 'டபிள்யூசி -சி' கட்டளைக்கு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஒற்றைக் குறி என்றால் 6 வரும், பிரித்துச் சேமித்திருந்தால் 9. பல திருத்திகள் கோப்பின் முடிவில் ஒரு புதுவரியையும் சேர்க்கும், அப்போது 7 அல்லது 10. தட்டச்சு செய்த கோப்பு 9, ஒட்டிய கோப்பு 6, உடைவது முதலாவது மட்டும் என்று தெரிந்துவிட்டால், பிரித்துச் சேமித்த வடிவத்தைக் கையாளும் இடத்தில்தான் சிக்கல் என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம். தமிழே தெரியாத ஒரு பராமரிப்பாளருக்கு இந்தத் தகவல் எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

மென்பொருள் திடீரென்று மூடிக்கொள்ளும் வகை வழு என்றால், சிஸ்டம்டி-கோர்டம்ப் பேக்கேஜை முன்பே நிறுவிவிட்டு, விழுந்த பிறகு 'கோர்டம்ப்சிடிஎல்' கட்டளையால் விவரம் எடுக்கலாம். முதல் முறைக்கு இந்த வகையைத் தவிர்ப்பது நல்லது.

படி 4: மடல் எழுதுவது

டெபியனின் வழுப் பதிவுகள் மின்னஞ்சலால் ஓடுபவை. கணக்கோ கடவுச்சொல்லோ தேவையில்லை. வழு எண்ணை எழுதி, அட் பக்ஸ் டாட் டெபியன் டாட் ஆர்க் என்று சேர்த்தால் அதுதான் முகவரி. வழுவைப் பதிந்தவருக்கும் போய்ச் சேர, எண்ணுக்குப் பின்னால் ஹைஃபன் போட்டு 'சப்மிட்டர்' என்று சேர்த்த முகவரியையும் நகலில் போடுங்கள்.

அனுப்பும் முன் ஒன்றை மறக்க வேண்டாம்: மடலும் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் பொதுவில் நிலையாக இருக்கும். எனவே வெளியே தெரிந்தால் பரவாயில்லை என்ற முகவரியிலிருந்து எழுதுங்கள். இணைக்கும் பதிவுக் கோப்புகளில் கடவுச்சொல், வீட்டு வைஃபை பெயர் போன்றவை இருந்தால் நீக்கிவிடுங்கள்.

மடல் ஆங்கிலத்தில், எளிய உரையாக இருக்கட்டும். இலக்கிய ஆங்கிலம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. உள்ளடக்கம் இந்த மாதிரி இருந்தால் போதும்:

"வணக்கம். இன்று புதிதாக நிறுவிய சிட்டில், இந்தப் பேக்கேஜின் இந்தப் பதிப்பில் சோதித்தேன். வழு இன்னும் இருக்கிறது. செய்தது: திருத்தியைத் திறந்தேன், தமிழ்99க்கு மாறினேன், 'கொ' அடித்தேன். எதிர்பார்த்தது: ஒரே எழுத்தாகத் தெரிவது. நடந்தது: கொம்பும் காலும் பிரிந்து தெரிந்தன. படம் இணைத்திருக்கிறேன். வேறு இரண்டு எழுத்துருக்களிலும் இதே நிலை. வேறொரு திருத்தியில் சரியாக வருகிறது."

கண்டதை எழுதுங்கள். ஊகம் இருந்தால் தனி வரியில், ஊகம் என்று சொல்லியே எழுதுங்கள். வழு இப்போது வரவில்லை என்றால் அதுவும் நல்ல செய்திதான்: எந்தப் பதிப்பில் வரவில்லை என்று சொல்லி, பதிந்தவருக்கு இன்னும் வருகிறதா என்று கேளுங்கள்.

அமைப்பு திறந்தே இருப்பதால், யார் வேண்டுமானாலும் ஒரு வழுவின் தீவிரத்தை மாற்றலாம், மூடலாம், வேறு பேக்கேஜுக்கு மாற்றிவிடலாம். முடியும் என்பதற்காகச் செய்துவிடக் கூடாது. புதிதாக வருபவர் தீவிரத்தைத் தொட வேண்டாம், பிறருடைய வழுவை மூடவும் வேண்டாம். "இதை மூடலாம் என்று தோன்றுகிறது, காரணம் இது" என்று எழுதிவிட்டு, முடிவைப் பராமரிப்பாளரிடம் விட்டுவிடுங்கள்.

சோதிக்கும்போதே புது வழு ஒன்று கண்ணில் பட்டால், 'ரிப்போர்ட்பக்' கருவியை இயக்குங்கள். அந்தப் பேக்கேஜில் ஏற்கெனவே பதிந்த வழுக்களை முதலில் காட்டும், பதிப்பு, கெர்னல், சார்ந்த பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் அதுவே சேர்த்துக்கொள்ளும்.

படி 5: காத்திருப்பது

பதில் மறுநாளும் வரலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். டெபியனின் அரசமைப்பே, திட்டத்துக்காக வேலை செய்ய யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்று சொல்கிறது. அந்தப் பக்கம் இருப்பவரும் வேலை முடிந்து வந்து, இரவில் உட்கார்ந்து இதைப் பார்க்கும் ஒருவராக இருக்கலாம். சில வாரம் கழித்து ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம். கூடுதல் விவரம் கேட்டால் மட்டும் தாமதிக்காமல் செய்து அனுப்புங்கள். நீங்கள் எழுதிய செய்முறை தெளிவாக இருந்தால் பராமரிப்பாளரின் ஒரு மாலைப் பொழுது மிச்சமாகும்.

அடுத்து என்ன?

நிரல் எழுதாதவர்களும் டெபியனில் முழு உறுப்பினராகலாம். பேக்கேஜ் ஏற்றும் உரிமை இல்லாத, ஆனால் வாக்குரிமை உள்ள உறுப்பினர்களை ஏற்பதென்று 2010இல் வாக்கெடுப்பு நடத்தியே முடிவு செய்தார்கள். மொழிபெயர்ப்பும் ஆவணப்படுத்தலும் செய்து அந்த வழியில் வரலாம். நேரில் மனிதர்களைப் பார்க்க விரும்பினால், 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் நடந்த மினி டெப்கான்ஃப் போன்ற கூட்டங்களும், கூடி உட்கார்ந்து வழுக்களைத் தீர்க்கும் சந்திப்புகளும் உண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் ஆண்டு மாநாடான டெப்கான்ஃபே கொச்சியில் நடந்தது.

வீட்டிலிருந்தே தொடர, பேக்கேஜ்களின் நிலவரத்தைக் காட்டும் டெபியனின் டிராக்கர் பக்கத்தில் நீங்கள் எடுத்துக்கொண்ட பேக்கேஜைத் தேடி அதற்குச் சந்தா கொடுத்துவிடுங்கள். இனி அதில் யார் புதிதாக வழு பதிந்தாலும் அந்த மடல் உங்களுக்கும் வரும். செய்முறை தெளிவாக இருப்பதைச் சோதித்துப் பதில் போடலாம், தெளிவில்லாததில் "எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன வந்தது?" என்று பதிந்தவரைக் கேட்கலாம்.