கெர்னல்ல ரீடர்-ரைட்டர் லாக் நெரிசலை எப்படி குறைக்கிறது: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

கெர்னல்னா ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி, அதுல ஒரே டேட்டாவை பல பேரு ஒரே நேரத்துல தொட்டு கெடுக்காம இருக்க போடுற பூட்டுதான் லாக். ரீடர்-ரைட்டர் லாக்னா படிக்கிறவங்க எத்தனை பேரு வேணா ஒரே நேரத்துல உள்ள போலாம், எழுதுறவரு மட்டும் தனியா போகணும், அப்போ எல்லாருமே படிக்கத்தான் வர்றாங்கன்னா நெரிசலே வராதுல்ல? எங்க கோத்தகிரி பக்கம் கெர்னல் படிக்க ஆரம்பிச்ச பசங்க இதைத்தான் முதல்ல கேக்குறாங்க. வரும், நல்லாவே வரும்.

ஏன்னா ரீட் லாக் எடுக்குறதே ஒரு எழுதுற வேலைதான். உள்ள எத்தனை ரீடர் இருக்காங்கன்னு லாக்குக்குள்ள ஒரு கவுண்டர் இருக்கு, போறப்ப ஒண்ணு கூட்டணும், வர்றப்ப ஒண்ணு குறைக்கணும். அந்த கவுண்டர் உக்காந்திருக்குற கேஷ் லைன் (சிபியூ தன் பக்கத்துல வச்சுக்கிற மெமரி துண்டு, எக்ஸ்86 சிப்ல 64 பைட்) ஒரு நேரத்துல ஒரு சிபியூ கையிலதான் எழுதுற மாதிரி இருக்க முடியும், அதனால அது ஒவ்வொரு கோரா தாவிக்கிட்டே இருக்கும். நீலகிரி மலை ஏறுறதுக்கு முன்னாடி கல்லாறு செக்போஸ்ட்ல இ-பாஸ் பாக்குறப்ப எல்லார்கிட்டயும் பாஸ் இருக்கு, மேல ரோடும் காலியா இருக்குன்னு வைங்க, ஆனா அத்தனை வண்டி நம்பரையும் ஒரே நோட்டுலதான் எழுதணும்னா என்ன ஆகும், அதேதான் இங்கயும்.

முதல் ஸ்டெப், அளந்து பாருங்க. குறைஞ்சது 4 சிபியூ குடுத்து ஒரு விஎம் (கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற மெய்நிகர் கம்ப்யூட்டர்) போடுங்க, ஒரே சிபியூன்னா ஒண்ணும் தெரியாது. 'பெர்ஃப் லாக் கன்டென்ஷன்' கமாண்டை ஓட்டினா யாரு எந்த லாக்குல காத்திருந்தாங்கன்னு வரும். ஆனா காத்திருந்தவங்க மட்டும்தான் அதுல வருவாங்க, கேஷ் லைன் தாவுறது வராது. அதுக்கு கெர்னலை லாக் ஸ்டாட் ஆப்ஷனோட கம்பைல் பண்ணுங்க (நம்ம ஊர்ல காத்து மழைன்னா கரண்ட் போயிடும், பரவால்ல, கம்பைல் பண்ற மேக் கமாண்டை திரும்ப ஓட்டினா விட்ட இடத்துல இருந்து போகும்). ப்ராக் டைரக்டரியில லாக் ஸ்டாட் ஃபைலை திறந்தா ஒவ்வொரு ரீடர்-ரைட்டர் லாக்குக்கும் ரீடருக்கு 'ஆர்'னு ஒரு வரி, ரைட்டருக்கு 'டபிள்யூ'ன்னு ஒரு வரி தனியா இருக்கும். 'ஆர்' வரியில கன்டென்ஷன்ஸ் (காத்திருந்த தடவை) கம்மியா இருந்து அக்-பவுன்ஸஸ் (லாக் வேற சிபியூவுல இருந்து தாவி வந்து எடுத்த தடவை) எக்கச்சக்கமா இருந்தா, யாரும் நிக்கல, ஆனா கவுண்டர் தாவுதுன்னு அர்த்தம். இந்த ரெண்டு நம்பரையும் சேர்த்துப் பாக்குற பழக்கம் வந்துட்டாலே பாதி வேலை முடிஞ்சது.

ரெண்டாவது, லாக்குக்குள்ள இருக்குற நேரத்தை குறைங்க. மெமரி அலொகேட் பண்றது, பிரிண்ட் பண்றது எல்லாம் வெளிய வைங்க. உள்ள ரெண்டு மூணு வரிதான்னா சாதா ஸ்பின்லாக்கே (ஒரு நேரத்துல ஒருத்தர்தான், மத்தவங்க சுத்திக்கிட்டே காத்திருப்பாங்க) போட்டுப் பாருங்க, படிக்கிற பகுதி நீளமா இல்லன்னா ஸ்பின்லாக்தான் மேல்னு கெர்னல் டாக்குமென்டேஷனே சொல்லுது.

மூணாவது, பெரிய லாக்கை பிரிங்க. இதுக்கு நல்ல உதாரணம் எம்மேப் லாக். ஒரு ப்ராசஸோட மொத்த மெமரி மேப்புக்கும் அது ஒண்ணுதான், நிறைய த்ரெட் ஒரே நேரத்துல பேஜ் ஃபால்ட் (தொட்ட மெமரி பக்கம் இன்னும் தயாரா இல்லாம கெர்னல் கிட்ட போறது) ஆனா எல்லாம் அங்கதான் வந்து முட்டும். 2023ல வந்த லினக்ஸ் 6.4ல ஒவ்வொரு விஎம்ஏவுக்கும் (அந்த மேப்புல ஒரு பகுதி) தனி லாக் குடுத்தாங்க, அதனால நிறைய ஃபால்ட் பெரிய லாக்கை தொடாமலே முடியுது.

நாலாவதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது, ரீடரை எழுதவே விடாதீங்க. ஆர்சியூ (ரீட்-காப்பி-அப்டேட்) இதுக்குன்னே செஞ்சது, 2002லயே லினக்ஸுக்குள்ள வந்துடுச்சு. ரைட்டர் பழசை தொடாம ஒரு காப்பி எடுத்து, அதுல மாத்தி, பாயின்டரை புதுசுக்கு திருப்பிட்டு, ஏற்கனவே உள்ள இருந்த ரீடர் எல்லாம் வெளிய வந்த பிறகுதான் பழசை ஃப்ரீ பண்ணும். ப்ரீஎம்ப்ஷன் (கெர்னல்ல ஓடுற வேலையை நடுவுல நிறுத்தி வேற வேலைக்கு மாத்துறது) இல்லாத கெர்னல்ல ரீடருக்கு கிட்டத்தட்ட செலவே இல்ல. ஆனா சாதா ஆர்சியூவுக்குள்ள ஸ்லீப் ஆகக்கூடாது, தூங்கணும்னா எஸ்ஆர்சியூ இருக்கு.

டைம் மாதிரி ரெண்டு மூணு நம்பரை மட்டும் படிக்கணும்னா சீக்லாக் போதும், நடுவுல மாறிடுச்சுன்னா ரீடர் திரும்பப் படிச்சுக்கும், ஆனா பாயின்டர் இருக்குற டேட்டாவுக்கு அது வேணாம், ரீடர் அதை பிடிச்சு போறதுக்குள்ள ரைட்டர் ஃப்ரீ பண்ணிடலாம். ரைட்டர் எப்பவாவதுதான் வரும்னா பெர்-சிபியூ ஆர்டபிள்யூசெம்னு இன்னொரு ரீடர்-ரைட்டர் லாக்கும் நல்லா வேலை செய்யும், ஒவ்வொரு சிபியூவும் தன் கவுண்டரை மட்டும் தொடும், ஆனா ரைட்டர் வர்றப்ப எல்லா சிபியூவையும் கணக்குப் பாக்கணும், அதுக்கு நேரம் புடிக்கும். அதனால மாத்தி முடிச்சதும் அதே லோடை திரும்ப ஓட்டுறப்ப 'ஆர்' வரி குறைஞ்சதைப் பாத்துட்டு விட்றாதீங்க, ரைட்டர் எவ்ளோ நேரம் நிக்குதுன்னும் பாத்துடுங்க.