மல்டிகிரிட்: கரண்டிக்கு அடங்காத பள்ளம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மொட்டை மாடிக்குத் தளம் போட்டபோது, கொத்தனார் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கினார். ஐப்பசி மழையில் ஏறிப் பார்த்தால் நடுவில் குளம்! கைக்குத் தட்டுப்பட்ட சொரசொரப்பு போயிருந்தது. பத்தடி நீளப் பள்ளம் அப்படியே கிடந்தது. அதற்கு நீளமான மட்டப்பலகை வேண்டும். ஆயிரக்கணக்கான சமன்பாடுகளைக் கணினியில் தீர்க்கும் மல்டிகிரிட் என்ற கணக்கு முறை அந்தப் பலகைதான்.

ஒரு கம்பி, இரு முனையிலும் வெப்பநிலை 0. உள்ளே 63 புள்ளிகள், இடைவெளி 1/64. ஒவ்வொரு புள்ளியின் வெப்பநிலையையும் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியின் மதிப்பையும் இரட்டித்து, இரு பக்கத்து மதிப்புகளைக் கழித்தால் சமன்பாட்டின் வலப்பக்க எண் வரவேண்டும். அந்த எண், வெப்ப மூலத்தை இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கியது. இந்தச் சமன்பாடுகளை அணியாக எழுதினால் ஒரு வரிசைக்கு மூன்று எண்களுக்கு மேல் இல்லை, மற்றதெல்லாம் பூஜ்ஜியம். (63க்கு இவ்வளவு பாடு தேவையே இல்லை, நேரடியாகவே தீர்க்கலாம். பத்து லட்சம் புள்ளிகளுள்ள தகட்டுக்குப் போகும்போதுதான் அருமை தெரியும்.)

படி 1: தேயுங்கள். எல்லா மதிப்பையும் 0 என்று தொடங்கி, பழைய மதிப்பில் மூன்றில் ஒரு பங்கையும் சமன்பாடு கேட்கும் மதிப்பில் (வலப்பக்க எண்ணோடு இரு பக்கத்து மதிப்புகளையும் கூட்டியதில் பாதி) மூன்றில் இரண்டு பங்கையும் கூட்டுங்கள். இரண்டு முறை போதும். பிழை என்பது சரியான விடைக்கும் நம் விடைக்கும் உள்ள வித்தியாசம். நெருக்கமாக ஏறி இறங்கும் பிழை ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒன்றாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கும். கம்பி முழுக்க ஒரே வளைவாக நீளும் பிழை 0.9992 பங்காகத்தான் குறையும். அதைப் பத்தில் ஒன்றாக்கவே ஏறக்குறைய 2,900 முறை தேய்க்க வேண்டும்!

படி 2: வலப்பக்கத்திலிருந்து இப்போதைய விடை தருவதைக் கழியுங்கள். இது மீதி.

படி 3: ஒன்று விட்டு ஒரு புள்ளியாக 31 புள்ளிகளுக்கு இறங்குங்கள். தன் மீதியில் பாதி, இரு பக்கத்து மீதிகளில் கால் கால். அப்புறம் 4 ஆல் பெருக்குங்கள். இடைவெளி இரட்டித்ததால் அதன் வர்க்கம் நான்கு மடங்கு. இதை மறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். திருத்தம் கால் பங்காகவே வரும், விடை ஆமையாய் நகரும், நிரலை ஓட்டும் பைதானோ எந்தத் தவறும் சொல்லாது. இன்னொன்று: கீழே இறக்குவது விடையை அல்ல, மீதியை. அங்கே தேடுவது பிழையை, அதனால் தொடக்கம் எப்போதும் 0. நீண்ட வளைவு இந்தக் கட்டத்தில் குறுகியதாகிவிடும், அதே தேய்ப்புக்கு அடங்கத் தொடங்கும்.

படி 4: இப்படியே 15, 7, 3, 1. ஒற்றைப் புள்ளியில் மீதியில் பாதிதான் பிழை.

படி 5: ஏறுங்கள். விட்டுப்போன புள்ளிக்கு இரு பக்கத்தின் சராசரி. பிழையை விடையோடு கூட்டி, மறுபடி இரண்டு முறை தேயுங்கள்.

எல்லாக் கட்டங்களையும் சேர்த்தாலும் 120 புள்ளிகள்தான். சோவியத் நாட்டில் ஃபெடோரென்கோ 1960களிலேயே எழுதிய யோசனை இது. 1977இல் ஆஹி பிராண்டின் கட்டுரைக்குப் பிறகுதான் பரவியது.

சரி, ஓட்டிப் பாருங்கள். சுற்றுக்குச் சுற்று (படி 1 முதல் 5 வரை ஒரு சுற்று) மீதி பத்தில் ஒன்று அளவுக்குச் சுருங்கவில்லையா? முதலில் அந்த 4 இருக்கிறதா என்று பாருங்கள்.