பென்னைப் பிடுங்க முன்

செங்கலடியில் மச்சான் வைத்திருக்கும் கொமினிகேஷன் கடையில் பின்னேரங்களில் நானும் நிற்பேன். வருகிறவர்களில் பாதிப்பேர் வந்தாறுமூலை வளாகத்துப் பிள்ளைகள். பென் டிரைவைக் கணினியில் குத்துவார்கள், பிரிண்ட் வந்ததும் இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். "பொறுங்க தங்கச்சி, இஜெக்ட் பண்ணித் தாறன்" என்றால், "பரவாயில்ல அண்ணா, நான் எப்பவும் இப்படித்தான்" என்று வாசலில் இருந்து பதில் வரும்.

அந்தப் பிள்ளை சொல்வது முழுப் பிழையும் இல்லை. 2018 இல் வந்த விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பில் இருந்து, பென் போன்றவற்றுக்குக் 'குவிக் ரிமூவல்' என்ற ஏற்பாடுதான் முதலிலேயே போடப்பட்டிருக்கும். எழுத வேண்டியதைக் கணினி தன்னிடம் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் பென்னுக்கு அனுப்பிவிடும். வெறும் பிரிண்ட் எடுத்துவிட்டுக் கழற்றினால் அநேகமாக ஒன்றும் ஆகாது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் பிடுங்கினால் எந்த ஏற்பாடும் காப்பாற்றாது. ஆய்வறிக்கையைப் பென்னில் இருந்தே வேர்ட்டில் திறந்து, ஒரு எழுத்தைத் திருத்தி, சேவ் கொடுத்த கையோடு இழுப்பவர்கள்தான் பிறகு அழுதுகொண்டு வருகிறார்கள். டெஸ்க்டொப்பில் கொப்பி பண்ணி, அங்கே திருத்தி, வேர்ட்டை மூடிவிட்டுத் திரும்பப் பென்னில் போடுங்கள்.

கொப்பி பண்ணும்போது திரையில் ஓடும் கோடு முடிந்தால் கொப்பி முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அதில் நானே மாட்டியிருக்கிறேன். எங்கள் ஊர் வடமோடிக் கூத்து அரங்கேற்றத்தை விடிய விடிய எடுத்திருந்தோம். கெமரா அதை 4 ஜிபி துண்டுகளாக வெட்டி வைத்திருந்தது. கூத்துப் பழக்கிய அண்ணாவியாருக்குக் கொடுக்க, உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட என் கணினியில் இருந்து பென்னுக்கு ஏற்றினேன். கோடு கடைசிவரை போய்ப் பெட்டியும் மூடிக்கொண்டது. பிடுங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வீட்டு டிவியில் கடைசித் துண்டு திறக்கவே இல்லை.

லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் ராம் என்ற தற்காலிக நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு 'ஆயிற்று' என்று காட்டிவிடும். பென்னுக்கு அது ஆறுதலாகத்தான் போகும். 8 ஜிபி ராம் உள்ள கணினியில் ஒரு ஜிபிக்கு மேலும் இப்படித் தேங்கி நிற்கலாம். போதாததற்கு, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும் முழுதாக எழுதப்பட்டிருக்காது. சாமானை ராக்கையில் அடுக்கிவிட்டு, கணக்குக் கொப்பியில் பதியமுன் கடைக்காரர் லைட்டை அணைத்த மாதிரி. இஜெக்ட் கொடுப்பதென்றால் 'மிச்சத்தையும் எழுதி முடி' என்று சொல்வதுதான். கழற்றலாம் என்று அது சொல்லும்வரை நில்லுங்கள். மெதுவான பென் என்றால் ஒரு தேநீர் குடிக்கிற நேரம்கூடப் போகும்.

சரி, இஜெக்ட் கொடுத்தால் 'பாவனையில் இருக்கிறது' என்று மறுக்கிறதே? அந்தக் கோபத்தில் பிடுங்குகிறவர்களும் உண்டு. எங்கேயோ ஒரு கோப்பு திறந்து கிடக்கும், அல்லது வைரஸ் கார்ட் அதைத் துழாவிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் மூடிப் பாருங்கள். அப்பவும் மசியவில்லை என்றால் கணினியை ஷட் டவுன் செய்து, முழுதாக அணைந்த பிறகு கழற்றுங்கள். லப்டொப்பை மூடித் தூங்கவிட்டுக் கழற்றுவது ஷட் டவுனுக்கு ஈடாகாது.

கெமரா சிப் என்றால் லைட் மினுங்கி ஓய்ந்து, கெமராவை ஓஃப் செய்த பிறகு. போனில் ஓடிஜி என்ற இணைப்பான் வழியாகக் குத்திய பென்னுக்கும் ஸ்டோரேஜ் செட்டிங்கில் இஜெக்ட் இருக்கிறது. உள்ளே தட்டுச் சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், இஜெக்ட்டுக்குப் பிறகும் சுழற்சி நிற்கும்வரை அசைக்காமல் வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு 'ஃபோர்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால், ஓம் கொடுத்துவிடாதீர்கள். பயத்தில் முதலில் கை போவது அதற்குத்தான். அந்தப் பென்னில் புதிதாக ஒன்றும் போடாமல், வேறு போர்ட்டிலோ வேறு கணினியிலோ குத்திப் பாருங்கள். திறந்தால் உடனே எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். திறக்காவிட்டால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, வேர்ட் கோப்புகளையும் தேடும். மீட்பதை அதே பென்னில் சேமிக்க வேண்டாம். பழைய பெயர்கள் திரும்பி வராது, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் எது ஆய்வறிக்கை என்று கண்டுபிடிக்க வேண்டும்.