வெள்ள முகாமில் கைக்குழந்தைக்குப் பால்: புட்டி வேண்டாம், பாலாடை போதும்

2021 நவம்பரில் வந்ததுபோல் பாலாறும் பொன்னையாறும் பெருகி, பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ தங்க நேர்ந்தால், உதவ வருபவர்கள் பால்பவுடரும் புட்டியும் நீட்டுவார்கள். பாலூட்டும் தாய்க்கு அவை வேண்டாம். தாய்மார்களுக்கு இவற்றை இலவசமாகக் கொடுப்பதை 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

"பயத்துல பால் வத்திப்போச்சு" என்பார்கள். வற்றாது, அதிர்ச்சியில் பால் இறங்கக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். மூலையில் புடவையைத் திரையாகக் கட்டிக் கொடுங்கள். பிள்ளையை நெஞ்சோடு அணைத்து அடிக்கடி சப்பவிட்டால் இறங்கிவிடும். ஆறு மாதம்வரை தண்ணீர்கூடத் தேவையில்லை.

தாய்ப்பாலுக்கு வழியே இல்லாத பிள்ளைக்குத்தான் பவுடர். புட்டி நிப்பிளின் உள்ளே ஒட்டும் பாலை முகாமில் சுத்தமாகக் கழுவ முடியாது. பாலாடை என்னும் மூக்குள்ள சின்னக் கிண்ணத்தில் மூக்குவரை விரல் எட்டும். சோப்பு போட்டுக் கழுவி, தண்ணீரில் மூழ்கவைத்து 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

பவுடரிலேயே கிருமி இருக்கலாம். 70 டிகிரிக்குக் குறைந்த சூட்டில் அது சாகாது. அதனால் ஒரு லிட்டர் தண்ணீராவது தளதளவெனக் கொதிக்கவைத்து, அரை மணிக்குள் கலக்குங்கள். கொஞ்சமாக வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள், பிறகு டப்பாவிலுள்ள கரண்டியால் தலைதட்டிப் பவுடர். தண்ணீர் கூடினால் பிள்ளை மெலியும். ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடை மூக்கைக் கீழுதட்டில் வைத்து மெல்லச் சாயுங்கள். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும். குடித்து மிஞ்சியதை உடனே கொட்டிவிடுங்கள்.