மூழ்கிய வைக்கிங்: ரஷ்யப் பிளாஸ்டிக் போர்வீரர்களைச் சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு டம்ளர் தண்ணீரில் ஐந்து வைக்கிங் வீரர்களை ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தேன். நான்கு பேர் மிதந்தார்கள். ஐந்தாமவன், கோடரியை ஓங்கிக்கொண்டு நிற்பவன், நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். மற்ற நால்வருக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட அவன் ஒருவனுக்கு நான் கொடுத்த விலை அதிகம். "தொழிற்சாலை மூடிவிட்டார்கள், இனிமேல் இது கிடைக்கவே கிடைக்காது" என்று சொல்லி விற்றார்கள். தொழிற்சாலை நின்றுபோனது உண்மைதான். ஆனால் என் கையில் இருந்த பொம்மை அந்தத் தொழிற்சாலையில் பிறந்ததே இல்லை. யாரோ தன் வீட்டு மேசையில் ரெசின் என்ற, ஊற்றியதும் இறுகிக் கெட்டியாகும் திரவத்தைக் கொண்டு எடுத்த நகல் அது.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தவறுகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. பொம்மையைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பற்றிச் சொல்லப்படும் கதையை வாங்கிவிடுகிறோம். கொஞ்ச காலமே இயங்கி மறைந்த தொழிற்சாலை என்றால் கதைக்கு இன்னும் மவுசு. ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: கம்பெனி மூடினாலும் அச்சு சாகாது. இரும்பில் வெட்டிய ஒரு அச்சு கைமாறி, நாடு மாறி, பல பத்தாண்டுகள் கழித்தும் பொம்மைகளை ஈன்றுகொண்டே இருக்கும்.

சரி, முதல் தவறு பெயரிலேயே இருக்கிறது. சோவியத் காலத்துப் பொம்மை எதுவானாலும் "ரஷ்யப் பொம்மை" என்றே விற்கிறார்கள், நாமும் அப்படியே வாங்குகிறோம். என் வைக்கிங்குகளே இதற்கு நல்ல உதாரணம். 1980களில் சோவியத் பிள்ளைகள் ஆசையோடு சேர்த்த கௌபாய்கள், செவ்விந்தியர்கள், வைக்கிங்குகள், கடற்கொள்ளையர்கள் பெரும்பாலும் தொனெத்ஸ்க் பொம்மைத் தொழிற்சாலையில் வந்தவை. தொனெத்ஸ்க் இருப்பது உக்ரைனில். அந்த உருவங்களை முதலில் செதுக்கியதும் அங்கே அல்ல. அவை அமெரிக்காவின் லூயி மார்க்ஸ் நிறுவனத்தின் உருவங்கள்.

மார்க்ஸ் நிறுவனத்தின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பொம்மைகளில் பணம் போடாதீர்கள். 1919இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் அது. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய பொம்மைத் தயாரிப்பாளர்களில் ஒன்று. 1972இல் குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி அதை வாங்கியது. 1976இல் அது பிரிட்டனின் டன்பீ-காம்பெக்ஸ் குழுமத்திடம் போனது. 1980இல் அந்தக் குழுமமே திவாலானது. அச்சுகள் திக்குக்கு ஒன்றாகச் சிதறின. மெக்சிகோவிலும் பிளாஸ்டிமார்க்ஸ் என்ற பெயரில் அதே உருவங்கள் வந்திருக்கின்றன. பின்னாளில் அமெரிக்காவிலேயே பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து மறுபடி ஓட்டியவர்களும் உண்டு. ஆக, உங்கள் கையில் இருக்கும் ஒரு வைக்கிங் அமெரிக்க மூலமாக இருக்கலாம், தொனெத்ஸ்க் பொம்மையாக இருக்கலாம், பிற்கால மறுவார்ப்பாக இருக்கலாம், என்னுடையதைப் போல வீட்டு நகலாகவும் இருக்கலாம். நான்குக்கும் ஒரே முகம், ஒரே கோடரி. விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

"இப்போது தயாரிப்பில் இல்லை" என்பதை "அரியது" என்று எடுத்துக்கொள்வது இதே தவறின் இன்னொரு முகம். மாஸ்கோவுக்கு அருகே லோப்னியாவில் 1990இல் தொடங்கிய ஸ்வெஸ்தா என்ற பொம்மை நிறுவனம் இன்றும் இயங்குகிறது. அதன் பழைய 1:72 அளவு (நிஜ ஆளின் 72இல் ஒரு பங்கு) வீரர்கள் சிலர் சந்தையிலிருந்து மறைந்தார்கள், அப்புறம் பலகை விளையாட்டு வரிசையில் புது உறைக்குள் திரும்பி வந்தார்கள். பழைய உறைக்குப் பெரும் தொகை கொடுத்தவர்களுக்கு அது வயிற்றெரிச்சல். பப்லியஸ், இன்ஜினியர் பசேவிச் போன்ற சிறு ரஷ்ய நிறுவனங்களின் 54 மில்லிமீட்டர் உயர வீரர் தொகுப்புகளைத் தேடுகிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். சிறு நிறுவனம் குறைந்த எண்ணிக்கையில்தான் வார்க்கும், அது சரி. ஆனால் அச்சு யாரிடம் இருக்கிறது என்று தெரியாதவரை அந்தக் குறைவுக்கு உத்தரவாதம் இல்லை.

இப்போது நகலுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிகப் பணம் போவது இதில்தான்.

நகலில் இரண்டு வகை. ஒன்று, ஒரு பொம்மையை மாதிரியாக வைத்து இன்னொரு தொழிற்சாலை புது இரும்பு அச்சு வெட்டி ஓட்டுவது. இதை அளவுகோல் காட்டிக்கொடுத்துவிடும். பாலிஎத்திலீன் என்ற மென்பிளாஸ்டிக் உருகி ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் மூன்று பங்கு வரை சுருங்கும். மூலப் பொம்மை ஏற்கெனவே ஒருமுறை சுருங்கியது. அதிலிருந்து அச்சு எடுத்து ஓட்டினால் இன்னொரு முறை சுருங்கும். 60 மில்லிமீட்டர் வீரனில் ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை காணாமல் போகும். கண்ணுக்குத் தெரியாது, வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியை வைத்தால் தெரியும். தலை உச்சியை அளக்காதீர்கள், இறகும் கொம்பும் வளைந்திருக்கும். அடித்தட்டின் நீளத்தை அளந்து, நம்பிக்கையான இன்னொரு பிரதியோடு ஒப்பிடுங்கள். ஒரே வகைப் பிளாஸ்டிக்கைத்தான் ஒப்பிட வேண்டும் என்பதும் முக்கியம். பாலிஸ்டைரீன் என்ற கடினப் பிளாஸ்டிக் அரை சதவீத அளவுக்குத்தான் சுருங்கும். அதனால் ஒரே அச்சிலிருந்து வந்த இரண்டு பொம்மைகள்கூடப் பிளாஸ்டிக் மாறினால் அளவில் மாறும்.

அளவோடு சேர்த்து, உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த வாயின் தடத்தைத் தேடுங்கள். அடித்தட்டின் ஓரத்திலோ அடியிலோ வெட்டி எடுத்த தழும்பு போலச் சின்னதாக இருக்கும். ஒரே அச்சு என்றால் தழும்பு ஒரே இடத்தில்தான் இருக்கும். நகலில் சில சமயம் இரண்டு தழும்புகள் கிடைக்கும். ஒன்று கூர்மையாக, கத்தி பட்டதுபோல. அது நகலின் சொந்த வாய். இன்னொன்று மழுங்கி, மெழுகில் பதிந்ததுபோல. அது மூலப் பொம்மையிலிருந்து உருவத்தோடு சேர்ந்து வந்த வாய். அந்த இரண்டாவது தழும்பை முதன்முதலாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அதன்பிறகு விற்பவர் சொல்லும் எதுவும் தேவைப்படவில்லை.

இரண்டாவது வகை ரெசின் நகல். சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து ஊற்றுவது. இதில் சுருக்கம் மிகக் குறைவு என்பதால் வெர்னியர் ஏமாந்துவிடும். முத்திரை, தழும்பு, கீறல் வரை அப்படியே பதிந்து வரும். இங்கேதான் தண்ணீர் டம்ளர் கைகொடுக்கிறது. பாலிஎத்திலீனின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.91 முதல் 0.96 கிராம் வரை. அதனால் மிதக்கும். வார்ப்பு ரெசின் பொதுவாக மூழ்கும். பாலிஸ்டைரீன் 1.05 என்பதால் மெதுவாக மூழ்கும், பிவிசி சட்டென்று மூழ்கும். ஆகவே மூலப் பொம்மை எந்தப் பிளாஸ்டிக் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். பாலிஸ்டைரீனில் வந்த ஒரு வீரன் மூழ்கினான் என்பதற்காக அவனை நகல் என்று தள்ளிவிட்டால் அது இன்னொரு தவறு. தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் விடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிய காற்றுக் குமிழிகள் மூழ்க வேண்டியதையும் தூக்கி நிறுத்தும். உள்ளே குடைவான குதிரைகளுக்கு இந்தச் சோதனை செல்லாது. வண்ணம் தீட்டியவற்றைத் தண்ணீரில் போடவே வேண்டாம்.

தண்ணீர் இல்லாத இடத்தில், பொம்மைக் கடையில் அல்லது கண்காட்சியில், மேசை மேல் அரை விரல் உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். பாலிஎத்திலீன் தொப்பென்று மந்தமாக விழும். ரெசின் ஓட்டாஞ்சில்லு போலச் சிணுங்கும். இதைக் காது பழக வேண்டும், எழுதிப் புரியவைக்க முடியாது.

அடுத்தது பெட்டி. பெட்டியோடு வந்தால் நம்பலாம் என்று நினைக்கிறோம். பெட்டி பழையதாக இருக்கும், உள்ளே இருப்பவர்கள் நேற்று வந்து குடியேறியவர்களாக இருப்பார்கள். ஆனாலும் பெட்டியைப் படிக்கத் தெரிந்தால் நிறைய விஷயம் கிடைக்கும். சோவியத் பொருள்களுக்கு விலையை அரசு நிர்ணயித்தது. அதனால் ரூபிள், கோப்பெக் கணக்கில் விலை பெட்டியிலேயே அச்சாகியிருக்கும், சில சமயம் பொருளின் மேலேயே வார்த்திருப்பார்கள். ஐங்கோண வடிவத் தரமுத்திரை இருந்தால் பெட்டி 1967இலோ அதற்குப் பிறகோ வந்தது, ஏனென்றால் அந்த முத்திரை அறிமுகமானதே அந்த ஆண்டில்தான். 1992 ஜனவரி 2 அன்று ரஷ்யாவில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதன்பிறகு அச்சிட்ட விலைக்கு அர்த்தமில்லாமல் போனது. ஆகவே விலை அச்சிடாத பெட்டியில் இருப்பதை "அறுபதுகளின் சோவியத் தொகுப்பு" என்று யாராவது சொன்னால் இரண்டு முறை யோசியுங்கள். மிச்சமிருந்த பழைய பெட்டிகளைப் பிறகும் பயன்படுத்தியிருக்க வாய்ப்புண்டு என்பதால் விலை இருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரவும் கூடாது. ரஷ்ய எழுத்துகளைக் கற்றுக்கொள்ளுங்கள். 33 எழுத்துகள், இரண்டு வார மாலைப் பொழுதுகள் போதும். தொழிற்சாலைப் பெயரையும் விலையையும் நீங்களே வாசிக்கிற நாளில் பாதி ஏமாற்று வேலை உங்களிடம் பலிக்காமல் போகும். தேடலுக்கும் அது உதவும். சிறு போர்வீரர்களை அங்கே "சல்தாத்திகி" (солдатики) என்கிறார்கள். அந்தச் சொல்லை ரஷ்ய எழுத்தில் போட்டுத் தேடினால் வருகிற பட்டியலுக்கும் ஆங்கிலத்தில் தேடினால் வருவதற்கும் ஒப்பீடே கிடையாது.

வாங்கிய பிறகு வீட்டில் நாமே செய்கிற கொலைகளும் உண்டு. பழைய பொம்மையில் ஏதோ ஒரு குழந்தை நகச்சாயம் பூசியிருக்கும். அதை அழிக்க அசிட்டோனை எடுப்போம். பாலிஎத்திலீன் அதைத் தாங்கும். பாலிஸ்டைரீன் தாங்காது. நான் ஒரு மாவீரனின் முகத்தைப் பஞ்சால் ஒரே ஒரு முறை துடைத்தேன். மூக்கும் மீசையும் கன்னத்தோடு கரைந்து வழவழப்பாகிவிட்டன. அதிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, மென்மையான பல் துலக்கி, இவற்றைத் தாண்டி நான் போவதில்லை. பாலிஎத்திலீனில் எந்த வண்ணமும் ஆழமாகப் பிடிக்காது என்பதால் பெரும்பாலும் நகத்தால் மெல்லச் சுரண்டினாலே உதிர்ந்துவிடும்.

வளைந்த வாளைக் கையால் நிமிர்த்தாதீர்கள். கை பொறுக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான வெந்நீரில் ஒரு நிமிடம் பிடித்து, தானாக இளகியதும் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். ஆனால் மேற்பரப்பு சுண்ணாம்பு பூத்ததுபோல வெளுத்திருந்தால் அதையும் செய்ய வேண்டாம். வெயிலிலும் காற்றிலும் பிளாஸ்டிக் உள்ளுக்குள் நொறுங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வளைந்த வாளோடு அவன் நின்றுவிட்டுப் போகட்டும், உடைந்த வாளைவிட அது மேல்.

வைக்கிற இடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மென்மையான பிவிசி உறைகளிலும் பிவிசி பொம்மைகளோடு ஒட்டியும் பாலிஸ்டைரீன் வீரர்களை வைக்காதீர்கள். பிவிசியை மென்மையாக்கும் எண்ணெய் கசிந்து வந்து பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டவே கூடாது, நாளானால் அது பசையாகி ஒட்டிக்கொள்ளும். ஜிப் வைத்த பாலிஎத்திலீன் பை போதும். ஜன்னல் ஓர அலமாரி அழகுதான், நம்மூர் மேற்கு வெயிலுக்கு அது ஆகாது.

பணம் அனுப்புவதில் அவசரப்படுவது இப்போது முன்பைவிட ஆபத்து. விசா, மாஸ்டர்கார்டு, பேபால் மூன்றும் 2022 மார்ச்சில் ரஷ்யாவில் சேவையை நிறுத்திவிட்டன. அதனால் முன்பின் தெரியாத இடைத்தரகர் கணக்குக்குப் பணம் போடச் சொல்கிறார்கள். பொம்மையின் அடிப்பக்கப் படம் கேளுங்கள், அன்றைய தேதி எழுதிய தாளோடு எடுத்த படம் கேளுங்கள். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். இந்தியாவில் இருப்பவர்கள் சுங்கத்தையும் முன்கூட்டியே விசாரித்துவிடுவது நல்லது. 2020 பட்ஜெட்டில் பொம்மை இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமானது, 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு இந்தியத் தரச்சான்றும் கட்டாயமாயிற்று. வரிவிகிதம் அதற்குப் பிறகும் மாறியிருப்பதால் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

இன்னும் ஒரு தவறு பாக்கி, எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் மோசமாகத் தெரிகிறது. ஏமாந்தது தெரிந்த பிறகு, போட்ட காசை எடுக்க அந்த நகலை வாய் திறக்காமல் அடுத்தவருக்கு விற்றுவிடுவது. அப்படிக் கைமாறிக் கைமாறித்தான் அந்தக் கோடரிக்காரன் என்னிடம் வந்திருப்பான். அவன் இப்போது தனிப் பெட்டியில் இருக்கிறான். அடித்தட்டின் கீழே ஊசியைச் சூடாக்கி "நகல், ரெசின்" என்று பொறித்துவிட்டேன். பக்கத்தில் அந்த நிஜக் கோடரிக்காரனுக்காக ஒரு இடம் காலியாக இருக்கிறது, தேடிக்கொண்டிருக்கிறேன்.